பிள்ளை பள்ளிக்கு வரவில்லை: முதல் நாளிலிருந்து திரும்பி வரும் நாள் வரை, வகுப்பாசிரியருக்கான முழுமையான வழிகாட்டி

ஏற்காட்டு மலையில் பதினோரு ஆண்டு, சேலம் நகருக்குள் ஒன்பது ஆண்டு என வகுப்பாசிரியராகவே காலம் ஓடியிருக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிற ஆசிரியர்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். பிள்ளை வராத நாட்களில் ஒன்றும் செய்வதில்லை. பத்து நாள் கழித்து அவன் தலை காட்டும்போது எல்லாவற்றையும் சேர்த்துச் செய்கிறார்கள்: கண்டிப்பு, விசாரணை, லீவ் லெட்டர், போதாக்குறைக்கு விட்டுப்போன பாடம் முழுவதையும் எழுதி வரச் சொல்லும் தண்டனை. மறுநாள் அவன் வருவதில்லை. என் வகுப்புகளில் படிப்பை விட்ட பிள்ளைகளை நினைத்துப் பார்த்தால், பலர் விட்டது திரும்பி வந்த அன்று மாலையில்தான்.

ஆகவே இங்கே வரிசை முக்கியம். முன்னதைச் செய்யாமல் பின்னதற்குத் தாவினால் வேலை இரட்டிப்பாகும். 6 முதல் 8 வரையிலான வகுப்புகளை மனதில் வைத்து எழுதுகிறேன். மற்ற வகுப்பினர் தங்களுக்கு ஏற்றபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

1. ஜூன் மாதத்திலேயே ஒரு தனி நோட்டுப் போடுங்கள்

பள்ளி திறந்து இரண்டு வாரத்துக்குள் இதை முடித்துவிட வேண்டும். எமிஸில் (மாணவர் விவரம் பதியும் அரசின் இணையதளம்) இருக்கும் தொலைபேசி எண்ணை நம்பி உட்கார்ந்தால், முதல் அவசரத்திலேயே "தாங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை" என்ற குரல்தான் கேட்கும். பெற்றோர் சிம் கார்டு மாற்றுவது பள்ளிக்குத் தெரிவதே இல்லை.

பிள்ளைக்கு ஒரு பக்கம். பெற்றோர் எண் ஒன்று, பக்கத்து வீட்டார் அல்லது ஊர்க் கடைக்காரர் எண் ஒன்று. வீட்டுக்குப் போகும் வழி, அடையாளத்தோடு. எந்த பஸ், அது தவறினால் அடுத்தது எத்தனை மணிக்கு. வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தை உண்டா. பெற்றோருக்கு எந்த மாதங்களில் வேலை அதிகம். கடைசியாக, காலையில் பிள்ளையை எழுப்பி அனுப்புவது யார்.

இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதிகம் உதவியது அதுதான். தோட்ட வேலைக்குப் போகும் தாய் பள்ளி மணிக்கு வெகுநேரம் முன்பே கிளம்பிவிடுகிறார். விசைத்தறியில் இரவு ஷிஃப்ட் பார்த்த தந்தை அப்போதுதான் கண்ணயர்கிறார். நடுவில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தானே எழுந்து, தானே தலை வாரி, தம்பியையும் கிளப்பிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. அந்த வீட்டுத் தாயிடம் போய் "நேரத்துக்கு அனுப்பக் கூடாதா அம்மா" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்?

நோட்டை மேசைமேல் போட்டுவைக்காதீர்கள். வீட்டுக் குடிப்பழக்கம், கடன், நோய் எல்லாம் நாளடைவில் அதில் ஏறும். பூட்டு இருக்கும் இடத்தில் வையுங்கள்.

2. ஊரின் நாட்காட்டியைப் பள்ளி நாட்காட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள்

வகுப்பு எந்த வாரத்தில் காலியாகும் என்பதை முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிடலாம். மலையில் காப்பிப் பழம் நவம்பர் வாக்கில் சிவக்கத் தொடங்கினால் பொங்கல் தாண்டியும் பறிப்பு நடக்கும். அது முடியும் முன்பே மிளகு வந்துவிடும். வடகிழக்கு மழையும் பறிப்பும் கைகோத்து வருவதால், அக்டோபர் முதல் பிப்ரவரி வரை மலைப் பள்ளிக்குச் சோதனைக் காலம். மலைப் பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எங்காவது மண் சரிந்தால் கீழிருந்து வரும் ஆசிரியரே வந்து சேர முடியாது. பிள்ளையை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

சில குடும்பங்கள் குடகுக்கும் கேரளத் தோட்டங்களுக்கும் மொத்தமாகக் கிளம்பிவிடும். இவர்களை மற்றவர்களோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. எட்டாவது பிரிவில் வருகிறேன்.

நகரத்தின் கணக்கு வேறு. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இளம்பிள்ளை, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் தறிகளுக்கு ஓய்வில்லை. வீட்டுப் பிள்ளை தார் (தறிக்கான நூல்) சுற்ற உட்கார்ந்துவிடும். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசு ஆர்டர் குவியும் நேரத்திலும் இதே கதைதான். ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் தொடங்கித் தெருவுக்குத் தெரு பண்டிகை. குகைப் பகுதியிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் வண்டி வேடிக்கை (அலங்கார வண்டி ஊர்வலம்) முடிந்த மறுநாள் காலையில் பாதி வகுப்பு தூங்கி வழியும். அன்றைக்குப் புதிய பாடம் தொடங்காதீர்கள். இது சோம்பேறித்தனத்துக்குச் சலுகை ஆகாதா என்று ஓர் இளம் ஆசிரியர் கேட்டார். காலி பெஞ்சுகளுக்குப் பின்னம் சொல்லிக் கொடுத்துவிட்டு, வந்தவர்களுக்கு மறுபடி முதலிலிருந்து சொல்வது எந்த வகையில் சுறுசுறுப்பு?

3. பெற்றோரிடம் நாட்களை எண்ணிக் காட்டுங்கள்

"தினமும் அனுப்புங்கள், படிப்பு முக்கியம்" என்றால் எல்லாரும் தலையாட்டுவார்கள். மாதம் இரண்டு நாள் விடுப்பு எந்தப் பெற்றோருக்கும் பெரிதாகத் தெரியாது. அதைக் கரும்பலகையில் எழுதிக் கூட்டிக் காட்டுங்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 1 முதல் 5 வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 6 முதல் 8 வரை 220. மாதம் இரண்டு நாள் விட்டால் ஆண்டுக்கு இருபது நாளுக்குக் குறையாது. ஏறக்குறைய முழுதாக ஒரு மாதப் பாடம்.

அடுத்து, எந்த நாள் போனது என்பதையும் காட்டுங்கள். ஒரு மாணவி மூன்று நாள் வரவில்லை. அந்த மூன்று நாளில் மீச்சிறு பொதுமடங்கு நடத்தி முடித்தோம். நான்காம் நாள் வந்தபோது பின்னங்களின் கூட்டல். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்க வெட்கம். அடுத்த கணக்கு வகுப்பு நாளில் வயிற்று வலி. அப்புறம் தசமம், விகிதம், சதவீதம் என்று எல்லாமே அந்த மூன்று நாளின்மேல்தான் ஏறி உட்கார்ந்தன. விடுப்பு விடுப்பைக் குட்டி போடும் விதம் இதுதான். பெற்றோருக்கு இதை விளக்கப் பெரிய சொல் எதுவும் வேண்டாம். பாவில் நாலு இழை அறுந்ததைக் கவனிக்காமல் தறியை ஓட்டினால் துணி எப்படி வரும் என்று கேளுங்கள். அம்மாபேட்டையில் அதற்குமேல் ஒரு வார்த்தை நான் சொல்ல வேண்டியிருந்ததில்லை.

4. வருகையை இரு வேளையும், உள்ளது உள்ளபடி எடுங்கள்

முதலில் காகிதப் பதிவேடு, பிறகு செயலி. மலைச் சரிவில் சிக்னல் கிடைக்காது. "அப்புறம் ஏற்றலாம்" என்று விட்டால் மாலையில் நினைவிலிருந்துதான் பதிய நேரும்.

பஸ் தாமதம், எப்படியும் வந்துவிடுவான் என்று முன்கூட்டியே "வந்தான்" எனக் குறிப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. மலைப் பாதையில் அந்தப் பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்திருந்தால், நீங்கள் போட்ட குறி "அவன் பள்ளியில் இருக்கிறான்" என்று சொல்லிக்கொண்டிருக்கும். யாரும் தேட மாட்டார்கள்.

தாமதமாக வந்தவனை வாசலில் நிறுத்தாதீர்கள், திருப்பி அனுப்பவே அனுப்பாதீர்கள். நாகலூரிலிருந்தோ மாரமங்கலத்திலிருந்தோ வருகிறவனுக்கு ஒரு பஸ் தவறினால் ஒரு மணி நேரமாவது போய்விடும். ஒருநாள் வெளியே நின்றவன், அடுத்த முறை பஸ் தவறினால் வீட்டிலேயே இருந்துவிடுவான். அரை மணி நேரப் பாடத்தைக் காப்பாற்றப் போய் முழு நாளை இழப்போம்.

மதிய வருகையைத் தனியாகப் பாருங்கள். காலையில் இருந்து, சத்துணவு சாப்பிட்டு, பிறகு மறைந்து போகிற ஏழாம், எட்டாம் வகுப்புப் பையன்கள் உண்டு. தொடர்ந்து நான்கு மதியம் காணாமல் போனால், எங்காவது அவனுக்கு ஒரு பகுதி நேர வேலை கிடைத்திருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

5. முதல் நாளே, பத்தரை மணிக்குள் ஒரு தொலைபேசி

இது இரண்டு நிமிட வேலை. தள்ளிப்போடுவதால்தான் இரண்டு வார வேலையாக மாறுகிறது.

முதல் காரணம் பாதுகாப்பு. "பள்ளிக்குத்தானே சார் போனான்" என்ற பதில் வந்தால், உடனே தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். பெற்றோரை லைனில் வைத்துக்கொண்டே அவன் வழக்கமாக யாரோடு வருவான் என்று விசாரியுங்கள். இரண்டாவது, தான் வராததை ஒருவர் கவனித்தார் என்பது அன்றைக்கே பிள்ளையின் காதுக்குப் போகும்.

எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். "ஏன் வரவில்லை?" என்று தொடங்கினால் எதிரில் இருப்பவர் கூண்டில் ஏறி நின்றுவிடுவார். "காய்ச்சல்" என்ற ஒற்றைச் சொல் பதில் வரும். நான் இப்படித்தான் தொடங்குவேன்: "அம்மா, நான் வகுப்பாசிரியர் பேசுகிறேன். பாப்பாவை இன்றைக்குக் காணவில்லையே, நன்றாக இருக்கிறாளா?" பிறகு பேசாமல் இருப்பேன். அந்தச் சில நொடி மௌனத்தில் உண்மை வந்துவிடும். முடிக்கும்போது "நாளைக்கு வந்துவிடுவாள் இல்லையா?" என்று ஒரு நாளைக் கேட்டு வாங்க மறக்காதீர்கள்.

தொலைபேசி இல்லாத வீடு என்றால் அதே ஊர்ப் பிள்ளையிடம் கேளுங்கள், இடைவேளையில், தனியாக. வகுப்பு நடுவில் "அவன் எங்கே?" என்று கேட்டால் நாற்பது பேரும் நாற்பது கதை சொல்வார்கள். அவற்றில் ஒன்று அவன் திரும்பும்போது பட்டப்பெயராக ஒட்டியிருக்கும். கூட்டி வரச் சொல்லி இன்னொரு பிள்ளையை அனுப்புவது அறவே கூடாது. போகிறவனுக்கும் பாடம் போகும். மலையில் வழியும் பத்திரமில்லை.

6. மூன்றாம் நாள்: காரணத்தைப் பிரியுங்கள்

மூன்றாம் நாளும் வராவிட்டால், அடுத்த அடிக்கு முன் காரணம் எந்த வகை என்று தெரிந்தாக வேண்டும். எல்லா விடுப்புக்கும் ஒரே மருந்து கொடுப்பதால்தான் பாதி முயற்சி வீணாகிறது.

நோய் எளிது. சின்னம்மை என்றால் கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை வரக் கூடாது. வீட்டில் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் முறை முடிவதற்குள் பெரும்பாலும் அது காய்ந்துவிடும். அந்த நம்பிக்கையோடு மல்லுக்கு நிற்காதீர்கள். பொன்னுக்கு வீங்கி என்றால் வீக்கம் கண்டதிலிருந்து ஐந்து நாள். சிரங்குக்கு மருந்து போடத் தொடங்கிவிட்டால் வரலாம். தலையில் பேன் இருப்பது விடுப்புக்குக் காரணமே இல்லை. அடிக்கடி சோர்ந்து விழும் பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். ரத்தசோகையாக இருக்கலாம்.

வேலை என்றால் கொஞ்சம் தோண்ட வேண்டும். மலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி டிசம்பரில் இரண்டு வாரம் வரவில்லை. "பழம் பறிக்கப் போகிறாள்" என்றார்கள். கூலிக்காக என்று நினைத்துச் சட்டம் பேசத் தயாராகப் போனேன். விஷயம் வேறு. தாய் கிலோக் கணக்கில் கூலி வாங்குகிறவர். ஒன்றரை வயதுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பறித்தால் ஒரு நாளைக்கு அரைக் கூலிதான் தேறும். மகள் தோட்டத்துக்குப் போனது தம்பியை வைத்துக்கொள்ள. அங்கன்வாடிப் பணியாளரிடம் பேசி, பக்கத்து வீட்டுப் பாட்டியையும் காலை நேரத்துக்கு ஏற்பாடு செய்ததும் அவள் வந்துவிட்டாள். நான் மனப்பாடம் செய்து போன சட்டப் பிரிவுகள் பையிலேயே கிடந்தன.

சட்டம் தெரிந்திருக்க வேண்டியதுதான். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016இல் செய்த திருத்தத்தின்படி, 14 வயது நிறையாத பிள்ளையை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது. குடும்பத் தொழிலில், அபாயமில்லாத வேலையில், பள்ளி நேரம் முடிந்த பிறகோ விடுமுறையிலோ கூடமாட இருப்பதற்கு விலக்கு உண்டு. 14 முதல் 18 வரை அபாயகரமான தொழில்களில் கூடாது. பட்டறை முதலாளி கொடுத்த முன்பணத்துக்காகப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தால், தனியாகப் பட்டறைக்குப் போய் வாதாடாதீர்கள். தலைமையாசிரியர் வழியாகவோ நேராகவோ குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குச் சொல்லுங்கள். நீங்கள் போய்ச் சத்தம் போட்டால், மறுநாள் அவனை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

அச்சம் கண்ணுக்குத் தெரியாத வகை. அதிகம் பேர் கோட்டை விடுவதும் இதில்தான். வீட்டிலும் சொல்ல மாட்டான், உங்களிடமும் சொல்ல மாட்டான். இதற்கு என்னிடம் இருக்கும் ஒரே கருவி, வருகைப் பதிவேட்டைக் கால அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ஒரு பையன் ஒன்பது வாரத்தில் ஏழு புதன்கிழமை வரவில்லை. புதன்கிழமை முதல் பாடவேளை ஆங்கிலம். எழுந்து நின்று வாசிக்க வேண்டும். அவனுக்கு வாய் திக்கும். அவனைப் பக்கத்தில் இருப்பவனோடு சேர்ந்து வாசிக்க விட்ட பிறகு புதன்கிழமைகள் சரியாகிவிட்டன. இதில் சங்கடமான பகுதி, அந்த ஆங்கில வகுப்பு என்னுடையது.

அடி, கேலி, வகுப்பில் முட்டி போடச் சொல்வது எல்லாம் இதே கணக்கில் சேரும். உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. காரணம் சக ஆசிரியர் என்று தெரிந்தால் ஓய்வறையில் எல்லார் முன்னும் எடுக்காதீர்கள். முதலில் அவரிடம் தனியாகப் பேசுங்கள். அடி நின்றதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் தலைமையாசிரியரிடம் போக வேண்டியதுதான், மூடி மறைக்கக் கூடாது.

பெண் பிள்ளைகளின் விடுப்பில் இரண்டைக் கவனியுங்கள். மாதந்தோறும் இரண்டு, மூன்று நாள் ஒரே இடைவெளியில் விழுகிறது என்றால், முதலில் போய்ப் பார்க்க வேண்டியது கழிப்பறை: தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் உண்டா, நாப்கினை எங்கே போடுவார்கள், அரசு தரும் நாப்கின் கைக்குக் கிடைக்கிறதா, அல்லது அலமாரியில் பூட்டிக் கிடக்கிறதா. நான் ஆண் என்பதால் இதை எப்போதும் ஆசிரியை ஒருவர் வழியாகவே கேட்டிருக்கிறேன். அடுத்தது பூப்பு நீராட்டு. சீர் முடிந்த பிறகும் வராமல், "சொந்தத்தில் பேசி வைத்திருக்கிறோம்" என்ற சொல் அரைகுறையாகக் காதில் விழுந்தால் மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்ற கணக்கெல்லாம் இல்லை. பெண்ணுக்கு 18 நிறையாமல் திருமணம் செய்வது குற்றம். அன்றைக்கே தலைமையாசிரியரிடம் சொல்லி 1098க்கு அழையுங்கள். கூப்பிட்டவர் யார் என்று வெளியே சொல்ல மாட்டார்கள்.

7. வீட்டுக்குப் போகும் முறை

தனியாகவும் போகாதீர்கள், கூட்டமாகவும் போகாதீர்கள். ஜீப்பில் ஐந்து பேர் இறங்கினால் அந்தத் தெருவே எட்டிப் பார்க்கும். அந்த அவமானத்தைப் பெற்றோர் இரவு பிள்ளையின் முதுகில் இறக்குவார்கள். இருவர் போதும்: நீங்களும், அந்த ஊர்ப் பழக்கம் உள்ள ஒருவரும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். அந்த ஊரைச் சேர்ந்த உறுப்பினரைக் கூட்டிக்கொள்ளுங்கள். மலை ஊர்களில் ஊர்த் தலைவரான ஊர்க் கவுண்டரிடம் முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது மரியாதை. அதைச் செய்யாமல் நேராக வீட்டுப் படி ஏறினால் நல்ல விஷயம்கூட எடுபடாது.

நேரம் முக்கியம். பகலில் போனால் பாட்டியும் பூட்டும்தான் இருக்கும். வேலை முடிந்து வந்து கை கால் கழுவிய பிறகு போங்கள். இருட்டும் முன் கிளம்பிவிடுங்கள். சேர்வராயன் மலையில் காட்டெருமை பாதைக்கு வருவது அதிசயம் இல்லை, அதனிடம் வருகைப் பதிவேட்டைக் காட்டியும் பயனில்லை.

பதிவேடு, படிவம், கையெழுத்துத் தாள் எதையும் முதல் முறை எடுத்துப் போகாதீர்கள். பிள்ளையின் நோட்டு ஒன்றை எடுத்துப் போங்கள், அதில் அவன் நன்றாகச் செய்த ஒரு பக்கத்தை அடையாளம் வைத்து. உட்காரச் சொன்னால் உட்காருங்கள், தண்ணீர் கொடுத்தால் குடியுங்கள். அந்தப் பக்கத்தைத் தாயிடம் காட்டுங்கள். தன் பிள்ளையைப் பற்றி நல்ல சேதி சொல்ல ஓர் ஆசிரியர் வீடு தேடி வந்ததே இல்லை என்று ஒரு தந்தை என்னிடம் சொன்னார். அவருக்கு நான்கு பிள்ளைகள்.

புதியவர்கள் அங்கே செய்யும் தவறுகள் மூன்று. முதலாவது, "பெயரை நீக்கிவிடுவோம்", "டி.சி. கொடுத்துவிடுவோம்" என்ற மிரட்டல். தொடக்கக் கல்வி, அதாவது எட்டாம் வகுப்பு, முடியும் வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்கிறது சட்டம். உங்களால் செய்ய முடியாததைச் சொல்லிவிட்டால், அடுத்து நீங்கள் சொல்லும் உண்மையையும் நம்ப மாட்டார்கள். இரண்டாவது, உதவித்தொகை வாங்கித் தருகிறேன், விடுதி பார்த்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிடுவது. கேட்டுச் சொல்கிறேன் என்பதோடு நிறுத்துங்கள். மூன்றாவது, நாள் குறிக்காமல் எழுந்து வருவது. "சீக்கிரம் அனுப்புகிறோம் சார்" என்பது பதில் ஆகாது. "திங்கட்கிழமை காலை பஸ்ஸில்" என்பது பதில்.

சீருடை, செருப்பு, பஸ் பாஸ் போன்ற சின்னத் தடைகள் இருந்தால் அங்கேயே குறித்துக்கொண்டு, திங்களுக்கு முன் தீர்த்துவிடுங்கள். கிழிந்த சட்டைக்காக நான்கு நாள் வராத பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். ஊசியும் நூலும் போதுமாக இருந்தது.

8. இடம் பெயரும் குடும்பமும், மேலிடத்துக்குச் சொல்ல வேண்டிய கட்டமும்

குடகுக்கோ செங்கல் சூளைக்கோ குடும்பமே கிளம்புகிறது என்று தெரிந்தால், போன பிறகு தேடாதீர்கள். கிளம்பும் முன் பேசுங்கள். பிள்ளையை மட்டும் பாட்டியிடம் விட முடியுமா, மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி விடுதியில் இடம் உண்டா என்று பாருங்கள். எதுவும் முடியாவிட்டால், போகிற ஊரின் பெயரையும் மேஸ்திரியின் எண்ணையும் வாங்கிக்கொண்டு மாற்றுச் சான்றிதழைத் தாமதமில்லாமல் கொடுங்கள். அது வரத் தாமதமானாலும் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது. தமிழ்நாட்டுக்குள் என்றால் எமிஸ் எண்ணை ஒரு தாளில் எழுதித் தாயின் கையில் கொடுங்கள். பதிவேட்டில் பெயரை வைத்துக்கொண்டு "வருவான்" என்று காத்திருப்பது எண்ணிக்கைக்கு நல்லது, பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது.

உள்ளூரிலேயே இருந்தும் ஏழாம் நாள் வரை அசையவில்லை என்றால் தலைமையாசிரியர் வழியாகப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநருக்கும் எழுத்தில் கொடுங்கள். ஏழு நாள் என்பது என் பழக்கம். உங்கள் பள்ளிக்கு வந்திருக்கும் சுற்றறிக்கை அதற்கு முன்பே சொல்லச் சொன்னால் அதன்படி செய்யுங்கள். எழுதும்போது இதுவரை செய்த அழைப்பு, சந்திப்பு எல்லாவற்றையும் தேதியோடு குறிப்பிடுங்கள். அது இல்லாத கடிதத்தைப் படிப்பவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

பல மாதம் விட்டவன் திரும்பினால் வயதுக்கேற்ற வகுப்பில்தான் உட்கார வேண்டும், விட்டுப்போனதற்குச் சிறப்புப் பயிற்சி கேட்டு வாங்கலாம். எட்டாம் வகுப்புப் பையனைச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைத்தால் இரண்டாம் நாள் ஓடிவிடுவான்.

9. திரும்பி வரும் நாள்

இவ்வளவும் செய்தது இந்த ஒரு காலைக்காக.

வாசலில் பார்த்ததும் முதல் வாக்கியம் கேள்வியாக இருக்கக் கூடாது. "வா சாமி, உன் இடம் அப்படியேதான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடருங்கள். அந்த இடம் உண்மையிலேயே அப்படியே இருக்க வேண்டும். இடையில் வேறொருவரை உட்கார வைத்திருந்தால் முந்தைய நாள் மாலையே மாற்றிவிடுங்கள்.

கைதட்டி வரவேற்பதும் வேண்டாம். நல்லெண்ணத்தில் ஓர் ஆசிரியை அப்படிச் செய்தார். நாற்பது ஜோடிக் கண்கள் திரும்பியதும் அந்தப் பெண் மேசையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வந்ததை யாரும் பெரிதாகக் கவனிக்காமல் இருப்பதுதான் முதல் ஒரு மணி நேரத்தில் அவளுக்குத் தேவை.

லீவ் லெட்டரை மாலையில் கேளுங்கள், தனியாக. பெற்றோருக்கு எழுத வராது என்றால் அவர்கள் சொன்னதை நீங்களே தேதியோடு குறித்துக் கையொப்பமோ ரேகையோ வாங்கிக்கொள்ளலாம். பிள்ளையையே எழுதச் சொல்லி அப்பா கையெழுத்தையும் போடப் பழக்குவது, பொய்க்கு நாமே பாடம் நடத்துவது.

விட்டுப்போன நோட்டு முழுவதையும் நகல் எடுக்கச் சொல்லாதீர்கள். எட்டுப் பாடக் குறிப்பை இரவு முழுக்க எழுதினால் கை வலிக்கும், ஒன்றும் ஏறாது, மறுநாள் முடிக்காத பயத்தில் வர மாட்டான். பாடத்துக்கு ஒன்று என்று, இனி வரும் பாடம் எதன்மேல் நிற்கிறதோ அதை மட்டும் எடுங்கள். மேலே சொன்ன மாணவிக்கு அது மீச்சிறு பொதுமடங்கு. தினம் இருபது நிமிடம், ஒரு வாரம், மதிய உணவுக்குப் பிறகு. பக்கத்தில் உட்கார வகுப்பின் முதல் மாணவனை அழைக்காதீர்கள். அவன் விடையைச் சொல்லிவிட்டு ஓடிவிடுவான். போன மாதம் இதே கணக்கில் தடுமாறி, இப்போது தேறியவன் பொறுமையாகச் சொல்வான்.

அந்த வாரத்தில் தேர்வு இருந்தால் எழுத விடுங்கள், மதிப்பெண்ணைச் சத்தமாக வாசிக்காதீர்கள். வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு ஒரு அழைப்பு: "இந்த வாரம் ஐந்து நாளும் வந்தான் அம்மா." திங்கட்கிழமை வராமல் போவது இந்த ஒரு அழைப்பால் வெகுவாகக் குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

10. மாதக் கடைசியிலும் ஏப்ரலிலும்

மாதம் முடிந்ததும் பதிவேட்டை வரிசையாகப் பார்த்து, இரண்டு நாளும் அதற்கு மேலும் விட்டவர்களின் பெயரை நோட்டில் எழுதுங்கள். அதே பெயர் தொடர்ந்து இரண்டு மாதம் வந்தால், காரணம் தெரிந்ததாக நினைத்தது தவறு. ஆறாவது பிரிவுக்குத் திரும்புங்கள்.

நூறு சதவீத வருகைக்குப் பரிசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. காய்ச்சலோடு வந்து வகுப்பு முழுவதற்கும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஜூலையில் ஒரு நாள் விட்டவனுக்கு ஆண்டு முழுதும் ஓட வேண்டிய பந்தயமே முடிந்துவிடுகிறது. கொடுத்தே ஆக வேண்டும் என்றால், போன மாதத்தைவிடக் கூடுதலாக வந்தவர்களுக்குக் கொடுங்கள்.

எட்டு முடித்து ஒன்பதுக்குப் போகும் பெண்களின் தாய்மாரிடம் புதுமைப்பெண் திட்டத்தைச் சொல்லுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரியில் சேரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 முதல் இருக்கிறது. "இன்னும் நாலு வருடம்" என்று எண்ணிச் சொன்னால் அது வீட்டுக் கணக்கில் ஏறும்.

ஏப்ரலின் கடைசி வேலை நாளில் நோட்டை அடுத்த ஆண்டு வகுப்பாசிரியரிடம் நேரில் கொடுங்கள். நின்றுபோன தொலைபேசி எண்களை அடித்துவிட்டு, கோடையில் எந்தப் பிள்ளை எந்த வேலைக்குப் போகப் போகிறது என்பதையும் எழுதிக் கொடுங்கள். ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரம் அவர் முதலில் அழைக்க வேண்டியது அந்த வீடுகளைத்தான்.